ஓடும் ஒலியை எந்த இடத்தில் பிடிப்பது?

இணைய வானொலியையும் நேரலைக் கச்சேரியையும் கணினியில் பதிவுசெய்து வைக்க எந்த மென்பொருள் நல்லது என்று விசாரித்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். ஆடாசிட்டி, விஎல்சி, ஸ்ட்ரீம்ரிப்பர், எஃப்எஃப்எம்பெக், ஆடியோ ஹைஜாக், ஆடியல்ஸ் என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையும் வசதிகளும் கட்டம் கட்டிப் போட்டிருக்கும். படித்து முடித்தவருக்குக் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. பட்டியலில் உள்ளவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பதுதான் காரணம். ஒரு வகை, நிலையத்தின் சர்வரிலிருந்து வரும் பைட்டுகளை வந்தது வந்தபடியே வட்டில் எழுதிவைக்கிறது. உள்ளே இருப்பது பாட்டா பேச்சா என்பதுகூட அதற்குத் தெரியவேண்டியதில்லை. இன்னொரு வகை, அந்த பைட்டுகளைக் கணினி பிரித்து ஒலியாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வழியில் நின்று, அந்த ஒலியிலிருந்து புதிதாக ஒரு கோப்பு செய்கிறது. முன்னதை இறக்கிவைத்தல் என்றும் பின்னதை ஒலிப்பிடிப்பு என்றும் இங்கே சொல்வோம். இந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவான பிறகுதான் மென்பொருளின் பெயருக்கே வேலை வருகிறது. நிலையம் தன் ஸ்ட்ரீமைத் திறந்து வைத்திருக்கும்வரை இறக்கிவைப்பதே சரி, ஒலிப்பிடிப்பு வேறு வழியில்லாதபோது எடுக்கவேண்டிய கருவி என்பது என் கட்சி. பரவலான பழக்கம் இதற்கு நேர் எதிராக இருப்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இணையத்தில் ஒலி பரவலாக ஓடத் தொடங்கியது 1995-இல் ரியல்ஆடியோ வந்தபோது. அதன் வடிவமும் பிளேயரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. கேட்கலாம், வைத்துக்கொள்வது நிறுவனம் விட்ட வழி. சில ஆண்டுகளில் ஷவுட்காஸ்டும் அதன் கட்டற்ற மாற்றான ஐஸ்காஸ்டும் வந்து நிலைமையை மாற்றின. இவற்றின் ஏற்பாடு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது: முடிவே இல்லாத ஓர் எம்பி3 கோப்பை சர்வர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பாடலின் பெயரும் அதே குழாயில்தான் வருகிறது. கேட்கும் மென்பொருள் பெயர் வேண்டும் என்று சொன்னால், இத்தனை பைட்டுகளுக்கு ஒருமுறை நடுவே ஒரு குறிப்பைச் செருகுவேன் என்று சர்வர் முன்கூட்டியே அறிவிக்கிறது. அந்த இடைவெளி பல நிலையங்களில் 16,000 பைட்டுகள். 128 கிலோபிட் ஸ்ட்ரீமில் ஒரு விநாடிக்கு வருவதும் சரியாக 16,000 பைட்டுகள்தான். ஆக, விநாடிக்கு ஒருமுறை ஒலியின் நடுவே ஒலியல்லாத சில பைட்டுகள் வந்து விழுகின்றன. குறிப்பை வரவழைத்துவிட்டு அதை நீக்கத் தெரியாத மென்பொருளில் பதிவு முழுதும் கடிகாரம்போல ‘டிக் டிக்’ என்று கெட்டுப்போகும். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை வேறு மாதிரி: ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, அவற்றின் பெயர்களை எம்3யூ8 என்ற சிறு பட்டியல் கோப்பில் போட்டு, அந்தப் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. 2017-இல் அது ஆர்எஃப்சி 8216 என்ற பொது ஆவணமாகவும் வெளியானது. ஆகாசவாணியின் நேரலைகள் இந்த முறையில்தான் வருகின்றன. இரண்டு முறையிலும், வீட்டுக்கு வந்து சேரும்போதே ஒலி ஒரு கோப்பாகத்தான் இருக்கிறது. ஏற்கெனவே கோப்பாக இருப்பதை ஒலியாக்கி, அந்த ஒலியை மறுபடி கோப்பாக்குவானேன்?

அப்படிச் செய்வதால் இழப்பு உண்டு. எம்பி3, ஏஏசி ஆகிய இரண்டுமே காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுருக்கும் வடிவங்கள். நிலையம் ஒருமுறை எறிந்ததை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒலிப்பிடிப்பில் பதிவானதை எம்பி3-ஆகச் சேமிக்கும்போது, எஞ்சியதிலிருந்து இரண்டாம் முறை எறிகிறோம். குறைந்த பிட்ரேட்டில் ஓடும் ஸ்ட்ரீம்களில் இது மோசமாகவே தெரியும். அங்கே பயன்படும் எச்இ-ஏஏசி, மேல்ஸ்தாயி அதிர்வெண்களை முழுதாக அனுப்புவதே இல்லை. கீழ்ப்பகுதியையும் சில குறிப்புகளையும் அனுப்பி, மேல்பகுதியைக் கேட்கும் இடத்தில் ஊகித்து உருவாக்கிக்கொள்ளச் சொல்கிறது. அந்த ஊகத்தை உண்மையான ஒலியாக எடுத்துக்கொண்டு எம்பி3 மறுபடி சுருக்கினால் மிருதங்கத்தின் சாப்பும் மோர்சிங்கின் கூர்மையும் முதலில் கரைந்துபோகும். இழப்பே இல்லாத வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அது மணிக்கு 635 மெகாபைட் தின்னும். 128 கிலோபிட் ஸ்ட்ரீமை அப்படியே இறக்கிவைத்தால் மணிக்கு 57.6 மெகாபைட்தான். பதினோரு மடங்கு இடம் கொடுத்து வாங்குவது, அதிகம் போனால், அதே தரம். இதற்கிடையில் கணினியின் மிக்ஸர் 44.1 கிலோஹெர்ட்ஸை 48-ஆக மாற்றும். வால்யூம் கூடுதலாக இருந்தால் உச்சி வெட்டுப்படும். ஆலாபனை நடுவே மின்னஞ்சல் வந்த ‘டிங்’ சத்தமும் சேர்ந்தே பதிவாகும். டேப் காலத்தில் ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து மைக்கில் பதிவுசெய்தவர்கள், டூ-இன்-ஒன் வந்த பிறகு அதே பெட்டிக்குள் நேராகப் பதியும் வசதிக்கு ஏன் மாறினார்களோ, அதே நியாயம்தான் இங்கேயும்.

சாதாரணக் காதுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியவா போகிறது என்பது முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான். 128 கிலோபிட்டில் வரும் செய்தி அறிக்கையைப் பிடித்து 192-இல் சேமித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பதிவு என்பது ஒருமுறை கேட்பதற்கு மட்டும் அல்ல. அதிலிருந்து ஒரு கீர்த்தனையை வெட்டுவார்கள், நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், பின்னாளில் வேறு வடிவத்துக்கு மாற்றுவார்கள்; ஒவ்வொரு படியிலும் இன்னொரு சுருக்கல் ஏறும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்த கச்சேரிகள் கடைசியில் எப்படி ஒலித்தன என்பது சங்கீத ரசிகர்களுக்குத் தெரியும். முதல் பிரதியாவது நிலையம் அனுப்பியதாகவே இருக்கட்டும். அதைவிட, தரத்தைப் பற்றிய இந்த வாதம் முழுதும் தோற்றுப்போனாலும் இறக்கிவைத்தலின் பக்கம் இன்னொரு பெரிய காரணம் நிற்கிறது. அது நம்பகம்.

பதிவுசெய்கிறவர் எப்போதும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதில்லை. உட்கார்ந்து கேட்க முடிந்திருந்தால் பதிவே தேவைப்பட்டிருக்காது. ஆக, ஆள் இல்லாத நேரத்தில் மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. ஒலிப்பிடிப்பு மென்பொருளுக்குத் தான் எதைப் பதிவுசெய்கிறோம் என்று தெரியாது. இணையம் அரை நிமிடம் தடுமாறினால் பிளேயர் நின்றுவிடும். பதிவில் மௌனம் விழும். விண்டோஸில் எதுவும் ஒலிக்காதபோது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் தரவே வராமல் போவதும் உண்டு; அப்போது மௌனம்கூடப் பதியாமல், கோப்பின் நீளம் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. உலாவியின் அந்தப் பக்கம், இன்னும் கேட்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத் தானாக நின்றுகொண்டால் இரண்டு மணி நேரக் கச்சேரி இருபது நிமிடத்தில் முடிந்துபோகும். இறக்கிவைக்கும் மென்பொருளோ சர்வரோடு நேராகப் பேசுகிறது. தொடர்பு அறுந்தால் அதற்குத் தெரியும். மறுபடி இணைந்துகொள் என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். ஐஸ்காஸ்ட் சர்வர், புதிதாக வந்து இணைகிறவருக்குக் கடைசி 64 கிலோபைட்டை ஒரே மூச்சில் தள்ளிவிடும் இயல்புடையது; 128 கிலோபிட்டில் அது நான்கு விநாடி ஒலி. கண்ணிமைக்கும் நேரத் துண்டிப்பை அதுவே அடைத்துவிடும். எச்எல்எஸ் இன்னும் வசதி: பட்டியலில் பழைய துண்டுகளும் கொஞ்ச நேரம் இருப்பதால், அவை போவதற்குள் திரும்பி வந்தால் ஒன்றும் குறையாது. எஃப்எஃப்எம்பெக்கில் மறு இணைப்புக்கான அமைப்புகளைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்காவிட்டால் முதல் துண்டிப்பிலேயே அது வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். பல பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மின்வெட்டு உள்ள ஊர்களில் கோப்பு வடிவமும் தேர்வின் ஒரு பகுதி. எம்4ஏ கோப்பில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பதிவு முடிவதற்குள் கரன்ட் போனால் வட்டில் பல மெகாபைட் இருக்கும், ஆனால் எந்த பிளேயரும் அதைத் திறக்காது. வேவ் கோப்பிலும் மொத்த நீளம் தலைப்பில் எழுதப்படுவதால் அரைகுறையாக நின்றது சிக்கல் தரும்; தவிர, 4 கிகாபைட் எல்லை இருப்பதால் சிடி தரத்தில் ஆறே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே வேவ் கோப்பு ஓடாது. எம்பி3 அப்படியில்லை. அது சின்னச் சின்னச் சட்டகங்களின் வரிசை. எங்கே அறுத்தாலும் அதுவரை உள்ளது பாடும். ஏஏசி ஸ்ட்ரீமை டிஎஸ் என்ற வடிவத்தில் எழுதினாலும் இதே பாதுகாப்பு உண்டு. பட்டியல்களில் ‘பதினைந்து வடிவங்களில் சேமிக்கலாம்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். கரன்ட் போனால் எது பிழைக்கும் என்ற ஒரு வரியை யாரும் போடுவதில்லை.

கட்டணம் வாங்கும் மென்பொருள்கள் முதலில் விளம்பரப்படுத்துவது, பாடல்களைத் தானாகவே பிரித்துப் பெயரிடும் வசதியை. ஸ்ட்ரீம்ரிப்பர் இதை எப்போதோ இலவசமாகவே செய்தது. பெயர் மாறும் குறிப்பு வந்ததும் பழைய கோப்பை மூடிப் புதியதைத் திறப்பதுதான் முறை. ஆனால் குறிப்பும் பாட்டும் ஒரே நொடியில் மாறுவதில்லை. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று தேயத் தேய அடுத்தது எழும்படி கலந்து போடும் திரைப்பாடல் நிலையங்களில் சுத்தமாக வெட்ட இடமே கிடையாது. மௌனம் வந்தால் வெட்டும் முறை கர்நாடக இசையில் கொஞ்சமும் எடுபடாது. தம்புரா எங்கே நிற்கிறது? ராகம் முடிந்து வயலின் வாசித்து, கீர்த்தனை தொடங்கும்வரை சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். மௌனத்தைத் தேடும் மென்பொருள் கச்சேரி முழுவதையும் ஒரே பாட்டாக எண்ணிக்கொள்ளும், அல்லது பேச்சாளர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டிவைக்கும். முழுதாக ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு, பின்னால் கையால் வெட்டுவதே மேல். இதற்கும் சரியான கருவி வேண்டும். ஆடாசிட்டியில் திறந்து வெட்டி எம்பி3-ஆக ஏற்றுமதி செய்தால் அது மறுபடி சுருக்கிவிடும்; இறக்கிவைத்ததன் பலன் அங்கேயே போய்விடும். எம்பி3டைரக்ட்கட் போன்ற சிறு மென்பொருள்கள் சட்டகத்தைப் பிரிக்காமலே வெட்டுகின்றன. ஒரு சட்டகம் 44.1 கிலோஹெர்ட்ஸில் 26 மில்லிவிநாடி. அதைவிடத் துல்லியமாக வெட்டவேண்டிய இடம் கச்சேரியில் வராது.

இரண்டாவது ஆட்சேபம் நடைமுறையைப் பற்றியது. ஸ்ட்ரீமின் முகவரி எங்கே இருக்கிறது என்று சாமானியருக்கு எப்படித் தெரியும், கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைக் கண்டாலே பயப்படுகிறவர் எஃப்எஃப்எம்பெக்கை என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். முகவரியைத் தேடுவது ஒருமுறை வேலை. உலாவியில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் எம்3யூ8 என்று வடிகட்டினால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். கட்டளை பிடிக்காதவருக்கு விஎல்சி போதும்: முகவரியைக் கொடுத்து, மாற்றாமல் சேமிக்கச் சொன்னால் சேமிக்கும். வலுவான ஆட்சேபம் வேறொன்று, முகவரி நிலையானதல்ல என்பது. பிபிசி 2015-இல் தன் ஸ்ட்ரீம் முறையை மாற்றியபோது பல வீடுகளில் இணைய வானொலிப் பெட்டிகள் ஊமையாகின. 2023-இல் எஞ்சியிருந்த ஷவுட்காஸ்ட் எம்பி3 ஸ்ட்ரீம்களையும் அது நிறுத்தியது. அந்த நாளில் உலாவியில் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஒலிப்பிடிப்பு வைத்திருந்தவருக்கும் பழுதில்லை. இறக்கிவைக்கும் ஏற்பாடு செய்திருந்தவர்தான் காலையில் வெற்றுக் கோப்பைப் பார்த்திருப்பார். இது உண்மையான பலவீனம், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாற்று, முக்கியமான நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது. திரும்பக் கிடைக்காத நிகழ்ச்சியானால் இரண்டு வழியிலும் சேர்த்துப் பதிவுசெய்வது. இரண்டும் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடும்.

அதனால் ஒலிப்பிடிப்பை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. ஜூம் வழிப் பாடம், செயலிக்குள் மட்டுமே ஓடும் நேரலை, முகவரி கண்டுபிடிக்கவே முடியாத பக்கம் என்று அதற்கான இடங்கள் இருக்கின்றன. அங்கே தேர்வை நிர்ணயிப்பது மென்பொருளைவிட இயங்குதளம். விண்டோஸில் முன்பு சவுண்ட் கார்டின் ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ உதவியது. டிரைவரைப் பொறுத்து அது இருக்கும், இல்லாமலும் போகும், இருந்தாலும் முடக்கப்பட்டிருக்கும். விஸ்டாவோடு வந்த வாசாபி என்ற ஒலி அடுக்கு அந்தச் சார்பை நீக்கியது. 2013 வாக்கில் ஆடாசிட்டி அதைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து, வாசாபியைத் தேர்ந்தெடுத்து, உள்ளீடாக ஸ்பீக்கரின் லூப்பேக்கைக் காட்டினால் போதும். ‘டிங்’ சத்தத் தொல்லைக்கும் தீர்வு வந்துவிட்டது: ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளின் 2022-இல் வெளியான 28-ஆம் பதிப்பு, குறிப்பிட்ட ஒரு செயலியின் ஒலியை மட்டும் தனியாகப் பிடிக்கிறது. மேக்கில் கதை வேறு. அங்கே இப்படியொரு உள்ளீடு கூடவே வருவதில்லை. பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் கருவியை நிறுவுவது, அல்லது 2002 முதல் இதே வேலையைச் செய்துவரும் ஆடியோ ஹைஜாக்கைக் காசு கொடுத்து வாங்குவது என்பவையே வழக்கமான வழிகள். ஒலிப்பிடிப்புக்காக ஒருவர் பணம் செலவழிப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். லினக்ஸில் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டிலுமே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு ‘மானிட்டர்’ தயாராக இருக்கிறது; சொல்ல வேறொன்றும் இல்லை.

சட்டத்தைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேசமுடியாது. நிகழ்ச்சியைப் பிறகு பார்க்கப் பதிவுசெய்வது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் சோனி வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்து, ரியல்ஆடியோ ஸ்ட்ரீம்களின் பூட்டைத் தாண்டிச் சேமிக்கும் மென்பொருளை விற்ற ஸ்ட்ரீம்பாக்ஸ் நிறுவனத்துக்கு 2000-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. பதிவுசெய்ய விடாத பூட்டை உடைப்பது வேறு விஷயம் என்பது அதன் பார்வை. இந்தியாவிலும் கோடு கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளலை அனுமதிக்கிறது. 39-ஆம் பிரிவு, பதிவுசெய்கிறவர் தாமே பயன்படுத்தவோ உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமோ எடுக்கும் ஒலிப்பதிவு, ஒலிபரப்பாளரின் உரிமையையும் கலைஞரின் உரிமையையும் மீறாது என்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டைத் தாண்டுவதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சந்தாச் சேவைகளிலிருந்து பாட்டுப் பாட்டாக உரித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை இந்தக் கட்டுரை கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆகாசவாணிக் கச்சேரியைத் தன் கணினியில் வைத்துக் கேட்பது ஒன்று. அதையே யூடியூபில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பது முற்றிலும் வேறு, அதற்கு எந்தப் பிரிவும் இடம் கொடுக்காது.

கட்டணமும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். ‘இலவச ஸ்ட்ரீம் ரெக்கார்டர்’ என்று தேடினால் முதலில் வரும் பலவற்றில் பதிவைவிட விளம்பரம்தான் முக்கிய வேலை. கட்டற்ற மென்பொருளும் கண்மூடி நம்பத்தக்கதல்ல: 2021-இல் மியூஸ் குரூப்பின் கைக்குப் போன பிறகு ஆடாசிட்டியின் தனியுரிமைக் கொள்கை பெரும் சலசலப்பைக் கிளப்பி, கொள்கை வாசகத்தைத் திருத்தும் நிலை வந்தது. ஆனால் நிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருப்பதால் அது உண்மையில் என்ன செய்கிறது என்று சரிபார்க்க முடியும். விஎல்சியும் எஃப்எஃப்எம்பெக்கும் கால் நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருப்பவை. தன் பதிவின் வடிவம் நாளை வழக்கொழிந்தால் யார் திறந்து கொடுப்பார்கள் என்று கவலைப்படுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூடிப் பாடுவதை ஆண்டுதோறும் ஆகாசவாணி நேரடியாக ஒலிபரப்புகிறது. அதைப் பிடிக்க நினைப்பவருக்கு மென்பொருளுக்கு வெளியே மூன்று வேலைகள் பாக்கி இருக்கும். கணினி தூங்கிவிடாதபடி பவர் அமைப்பை மாற்றவேண்டும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலோ லினக்ஸின் கிரானிலோ தொடக்க நேரத்தை ஐந்து நிமிடம் முன்னதாகவும் முடிவைக் கால் மணி நேரம் தள்ளியும் வைக்கவேண்டும். ஏனென்றால் எச்எல்எஸ் பிளேயர் பட்டியலின் கடைசியிலிருந்து குறைந்தது மூன்று துண்டுகளாவது பின்தங்கித்தான் தொடங்கும், துண்டு 10 விநாடியானால் அதுவே அரை நிமிடத் தாமதம், மேடையில் நேரம் தள்ளிப்போவது தனிக் கணக்கு. கோப்பின் பெயரில் நிலையமும் தேதியும் தானாகவே சேரும்படி செய்யவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுப் பதிவு இதன் மேலேயே எழுதிக்கொண்டு போய்விடும்.